காட்டுப்பன்றி எதிரே வந்தால் ஓடலாமா, நிற்கலாமா?

கேள்வி இதுதான்: சிங்கப்பூரின் பொங்கோலில் இருக்கும் அம்மா விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கால்வாயோரப் பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கப் போகிறார். இரண்டு தடவை காட்டுப்பன்றிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டார். எதிரே வந்தால் ஓடலாமா, நிற்கலாமா? அடுத்த விடுமுறைக்குக் காரில் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து மெர்சிங் போகிறோம், வழியில் யானை நின்றால் என்ன செய்வது? ஒரே மிருகம் ஒரு நாள் பயந்து ஓடுகிறது, இன்னொரு நாள் பாய்கிறதே, அது ஏன்?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஹைனி ஹெடிகர் என்ற சுவிஸ் விலங்கியலாளர் விலங்குகளுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆராய்ந்து எழுதினார். ஒவ்வொரு மிருகத்துக்கும் தன்னைச் சுற்றி இரண்டு வட்டங்கள் உண்டு. வெளிவட்டத்துக்குள் நாம் நுழைந்தால் அது விலகிப் போகும். விலக முடியாதபடி உள்வட்டம்வரை நாம் போய்விட்டால் அது எதிர்க்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. குட்டி கூட இருந்தால் விரியும். காயம் பட்டிருந்தால், பெண் துணை தேடும் பருவமானால் விரியும். நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தால் சட்டென்று விரியும். மனிதரைத் தினமும் பார்த்துப் பழகிவிட்டால் வெளிவட்டம் சுருங்கும். ஆனால் உள்வட்டம் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முன்பெல்லாம் 40 மீட்டரில் நம்மைக் கண்டதும் ஓடிய பன்றி, இப்போது 4 மீட்டர்வரை சும்மா நிற்கிறது. நாமும் சாது என்று நினைத்து இன்னும் இரண்டடி எடுத்து வைக்கிறோம். விலகிப்போக அதற்கு இருந்த அவகாசம் அத்தோடு தீர்ந்துபோகிறது.

சிங்கப்பூரில் வெளிவட்டம் சுருங்கியதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். காட்டுப்பன்றியை வேட்டையாடும் புலி இங்கே இல்லை. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930ல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டது. ஜோகூர் நீரிணையை நீந்திக் கடந்து பன்றிகள் வருகின்றன, உபின், தெக்கோங் தீவுகளிலும் நிறைய உண்டு. பழைய தோட்டங்களின் எச்சமான செம்பனை மரங்களும் கிழங்குகளும் மண்புழுவும் தாராளமாகக் கிடைக்கின்றன. இதற்கு மேல் நாமும் ரொட்டி போடுகிறோம்.

அந்த ரொட்டியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். மனிதரைப் பார்த்துப் பழகிய பன்றி வேறு, மனிதரிடம் தின்று பழகிய பன்றி வேறு. முதலாவது நம்மைக் கண்டுகொள்ளாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். இரண்டாவது நம் கையைப் பார்க்கும். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு அதற்குச் சாப்பாட்டு மணி. ஈரச்சந்தையிலிருந்து மீனும் காயும் வாங்கிக்கொண்டு வரும் ஒரு பாட்டியை அது பின்தொடர்ந்தால், அதற்கு அவர்மீது கோபம் எதுவுமில்லை. பையைக் கொடுக்காமல் இழுத்துப் பிடித்தால்தான் முட்டுகிறது. இரக்கப்பட்டு ரொட்டி போட்டவர் அப்போது வீட்டில் இருப்பார். அடி வாங்குவது வேறொருவர். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் காட்டு விலங்குக்கு உணவு தருவது 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல் தடவை 5,000 வெள்ளிவரையும் மறுபடி செய்தால் 10,000 வெள்ளிவரையும் அபராதம் உண்டு. கோயிலுக்குப் போய்விட்டு வந்த பழம், தேங்காய், பொங்கலை மரத்தடியில் ‘ஏதாவது ஜீவன் தின்னட்டும்’ என்று வைத்துவிட்டு வருவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. எண்ணம் நல்லதுதான், விளைவு நல்லதில்லை. படையல் மிச்சத்தை வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.

இனி அம்மாவின் நடைக்கு வருவோம்.

பன்றிக்குக் கண் சுமார்தான், மூக்கும் காதும் அபாரம். காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் நீங்கள் தெரிவதற்கு வெகுமுன்பே அதற்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் நீங்கள் வருவதற்குள் போயிருக்கும். எதிர்க்காற்றில், ரப்பர் அடிக்காலணியோடு, காதில் பாட்டு கேட்டுக்கொண்டு, ஒரு வளைவைத் திரும்பும்போதுதான் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். விடியற்காலையில் காதுக்கருவி வேண்டாம். வளைவுக்கு முன் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசினால் போதும். சைக்கிளில் போகிறவர் தூரத்திலேயே மணியடித்துவிடவேண்டும். பக்கத்தில் போய் அடித்தால் பயன் நேர்மாறு. கையில் டார்ச் இருந்தாலும் அதை நம்பி இருக்கவேண்டாம். மானின் கண் வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னும். பன்றியின் விழிக்குள் அந்த ஒளிதிருப்பும் படலம் இல்லை, அதனால் மின்னாது. இருட்டில் கறுப்பாக நிற்கும் பன்றி ஒரு புதரைப் போலத்தான் தெரியும்.

இடத்தைப் பார்த்தே அது புழங்குகிறதா என்று சொல்லலாம். புல்தரை, கலப்பை ஓட்டியதுபோல் புரட்டிப் போடப்பட்டிருக்கும். மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சேறு அப்பியிருக்கும், சேற்றுக்குளியல் முடித்து வந்து முதுகு தேய்த்த அடையாளம் அது. இன்னொன்று பலருக்குத் தெரியாதது: இளஞ்செடிகளையும் பெரணியையும் கடித்து ஒடித்து ஓரிடத்தில் குப்பைமேடு போலக் குவித்திருந்தால், அது தாய்ப்பன்றி ஈன்றெடுக்கக் கட்டிய கூடு. ஒரு ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் இருக்கும். தோட்டக்காரர் வெட்டிப்போட்ட தழை என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்க்கக்கூடாத இடம் அது. குட்டிகள் சில மாதங்களுக்கு உடம்பில் வெள்ளரிக்காய் போல நீளவரிகளோடு இருக்கும். வரியுள்ள குட்டி கண்ணில் பட்டால், தாய் கண்ணில் படாவிட்டாலும் பத்தடிக்குள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பட்டுவிட்டால் முதல் வேலை நிற்பது. ஓடவேண்டாம். பன்றி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும், ஓட்டப்பந்தய வீரரே தோற்பார். ஓட்டம் துரத்தலைக் கிளப்பவும் செய்யும். நின்றதும் அதன் முகத்தைப் பார்ப்பதைவிட, அது எந்தப் பக்கமாகத் தப்பிப் போக முடியும் என்று பாருங்கள். இந்தப் பதிலில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். நம் இணைப்புப் பாதைகள் பலவற்றில் ஒரு பக்கம் கால்வாய்த் தடுப்பு, மறுபக்கம் கட்டுமானத் தளத்தின் தகரவேலி. நடுவில் மூன்று மீட்டர் சிமென்ட் பாதை. அந்த மூன்று மீட்டரில் நடுவாக நின்று படம் பிடிக்கிறோம். பன்றியின் பார்வையில் அது ஒரு குழாய், நாம் அதன் மூடி. பின்பக்கத்தில் இன்னொரு கூட்டம் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்துவிட்டால், அதற்கு இருக்கிற ஒரே வழி நம் கால்களுக்கு நடுவேதான். அந்த இடத்தில் ‘பன்றி தாக்கியது’ என்பார்கள். அது வெளியே ஓடியது, வழியில் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே அதற்கு வழி விடுங்கள். முதுகைக் காட்டாமல், கண்ணை முறைத்துப் பார்க்காமல், பின்னோக்கி மெதுவாக நகர்ந்து பாதையின் ஒரு ஓரத்துக்கு வாருங்கள். ஏதாவது ஒன்று உங்களுக்கும் அதற்கும் நடுவில் இருக்கட்டும்: விளக்குக் கம்பம், மரம், பெஞ்சு, உங்கள் சைக்கிள். மேலே ஏற முடிந்தால் இடுப்புக்கு மேலான உயரம் வேண்டும். முழங்கால் உயரப் பெஞ்சில் நின்றால் முன்கால் தூக்கி எட்டிவிடும். குடையை அதன் முகத்துக்கு நேராகப் படாரென்று விரிக்கவேண்டாம். ஃபிளாஷ் அடிக்கவேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், ஆனால் குனிந்து எழும் அசைவை மெதுவாகச் செய்யுங்கள்.

அதன் உடம்பு பேசும், கேட்கத் தெரிந்தால் போதும். காதை முன்னால் திருப்பி மூக்கை உயர்த்தி மோந்தால் நீங்கள் யாரென்று பார்க்கிறது, பயமில்லை. ‘ஹுஃப்’ என்று ஒற்றை மூச்சு விட்டுவிட்டுத் திரும்பினால் கூட்டத்துக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போகிறது. முதுகின் நடுக்கோட்டு மயிர் சிலிர்த்து நிற்பது, வால் விறைப்பது, தலை தாழ்வது, இவற்றோடு பல் ‘டக் டக்’ என்று அடிக்கும் சத்தம் கேட்டால் நீங்கள் உள்வட்டத்தின் விளிம்பில் இருக்கிறீர்கள். அந்தச் சத்தம் ஆணின் மேல்தந்தமும் கீழ்த்தந்தமும் உரசுவதால் வருவது. அந்த உரசலே கீழ்த்தந்தத்தைக் கத்திபோலத் தீட்டியும் வைக்கிறது. ஆண்பன்றி தலையைக் கீழிருந்து மேலாக வீசிக் கிழிக்கும், மனிதருக்கு அது தொடை உயரம். பெட்டைக்குத் தந்தம் சிறியது, அது கடிக்கும்.

பாய்ந்தே விட்டால் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். நின்றிருப்பவருக்குக் காலில் காயம். விழுந்தவருக்கு வயிறும் கழுத்தும் முகமும் அதன் தந்த உயரத்துக்கு வந்துவிடுகின்றன. பாய்ச்சல் பெரும்பாலும் நேர்க்கோட்டில், இடித்துவிட்டுக் கடந்து போகும் வகை. மரத்தின் மறுபுறம் ஓர் அடி விலகுவதே பல சமயம் போதும். கையில் சாப்பாட்டுப் பை இருந்து அது அதைத்தான் குறிவைக்கிறது என்றால் பையை விட்டுவிட்டு விலகுங்கள். இதனால் அதற்குத் தப்பான பாடம்தான் கிடைக்கும், உண்மை. ஆனாலும் அந்த நிமிடத்தில் உங்கள் தொடைதான் பெரிது. பாடத்தைத் திருத்தும் வேலையைக் கழகம் பார்த்துக்கொள்ளும். நடக்கப் போகும்போது பையைத் துணிப்பைக்குள்ளோ முதுகுப்பைக்குள்ளோ வைத்துக்கொண்டால் இந்த நிலையே வராது.

நாய் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கயிறில்லாத நாய் பன்றியைக் கண்டதும் குரைத்துக்கொண்டு பாயும். பன்றி திருப்பி விரட்டும். பயந்த நாய் எங்கே ஓடும்? நேராக எஜமானரிடம். பின்னாலேயே 80 கிலோ கோபம் வந்து சேரும். குட்டைக் கயிறு, அதுவும் நீட்டிச் சுருங்கும் வகை வேண்டாம்.

2021 பிப்ரவரியில் பொங்கோலில் ஒரே இரவில் இரண்டு பேரைப் பன்றி காயப்படுத்தியது. 2023 அக்டோபரில் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பெண்மணி காயமடைந்தார். பன்றிகளின் எண்ணிக்கையையும் அவற்றைக் கடந்து தினமும் நடப்பவர்களின் எண்ணிக்கையையும் பார்த்தால் இவை அரிதானவைதான். அம்மாவை நடையை நிறுத்தச் சொல்லவேண்டாம். ஒன்றரை மணி நேரம் தள்ளி, வெளிச்சம் வந்த பிறகு போகச் சொல்லுங்கள். பன்றிகள் அந்தியிலிருந்து விடியல்வரைதான் அதிகம் உலவும்.

நீர்நாயைப் பெரிய மிருகக் கணக்கில் சேர்க்க முடியாது, பத்துக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் இரண்டு வட்டக் கணக்கு அதற்கும் பொருந்தும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2021 நவம்பரில் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவில் விடியற்காலை இருட்டில் ஒருவர் நீர்நாய்க் கூட்டத்தின் நடுவே ஓடிப் போய்விட்டார். கடி வாங்கியவர் அவரில்லை. பின்னால் நடந்து வந்தவர். சில நொடிகளில் அவருக்கு 20க்கும் மேற்பட்ட கடிகள். கலவரப்பட்ட கூட்டம் யார் மிதித்தார் என்று விசாரிப்பதில்லை.

கடமான் இங்கே இருக்கிறது என்பதே பலருக்கு வியப்பு. ஊர்ப்பக்கம் மிளா என்போமே, அதேதான். மண்டாய், அப்பர் தாம்சன் காட்டோரங்களில் இப்போதுள்ளவை 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. ஆள்மேல் பாய்வது மிக அரிது. உங்களைக் கண்டதும் சிலையாகும், முன்கால் ஒன்றைத் தரையில் தட்டும், வாலைத் தூக்கும், ‘டோங்க்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுக்கும், பிறகு மறையும். ஆபத்து சாலையில்தான். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நீண்ட கால் மிருகத்தைக் கார் இடித்தால் அதன் உடல் முன்கண்ணாடி உயரத்துக்கு வரும். மோட்டார்சைக்கிள் ஓட்டிக்கு அந்தத் தடுப்புகூட இல்லை. மண்டாய் ரோட்டில் இரவில் ஒரு மான் கடந்தால் காலை முடுக்கியில் வைக்காதீர்கள், இரண்டாவது பின்னால் வரும். உயர்வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள், கூசும் ஒளியில் மான் உறைந்துபோய் நிற்கும். நேர்க்கோட்டிலேயே பிரேக் பிடியுங்கள், பக்கத்துத் தடத்துக்குத் திருப்பாதீர்கள். புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே 2013ல் கட்டி முடிக்கப்பட்ட 62 மீட்டர் நீள விலங்குப் பாலமும், மண்டாயில் 2019ல் திறந்த பாலமும் இந்த மோதல்களைக் குறைக்கத்தான். வேலியும் பாலமும் சேர்ந்திருக்கும் இடத்தில் அவை வேலை செய்கின்றன.

தப்பிர் பற்றி ஒரு வரி போதும். 2023 ஜூலையில் பொங்கோலில் ஒன்று நடமாடியது, நீந்தித்தான் வந்திருக்கும். முன்பாதி கறுப்பு, நடு வெள்ளை, இலைதழை தின்னும் கூச்சப் பிராணி. தண்ணீருக்குப் போகும் பாதையை மறிக்காமல் விட்டால் போய்விடும். மறித்தால் கடிக்கும், அந்தக் கடி சாதாரணமாக இராது.

இப்போது யானை. ஜோகூர் யானைகளுக்கும் நீரிணை ஒரு பொருட்டில்லை. 1990ல் மூன்று ஆண் யானைகள் தெக்கோங் தீவுக்கே நீந்தி வந்தன, மலேசிய வனவிலங்குத் துறையினர் வந்து பிடித்துக் கொண்டுபோனார்கள். கோத்தா திங்கி, மெர்சிங் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் இரவில் அவை கடப்பது வழக்கம். மஞ்சள் யானைப் பலகையைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள். நனைந்த சாலையில் சாம்பல் நிற யானை விளக்கு வெளிச்சத்தில் மிகத் தாமதமாகத்தான் தெரியும்.

கண்டதும் குறைந்தது 50 மீட்டர், முடிந்தால் 100 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கைத் தாழ்த்துங்கள், ஹாரன் வேண்டாம், ஜன்னலை ஏற்றுங்கள், எஞ்சின் ஓடட்டும். பின்னால் வருகிறவருக்கு அபாய விளக்கால் சைகை கொடுங்கள், ஆனால் அவர் உங்கள் பம்பரை ஒட்டி நிறுத்திவிட்டால் நீங்கள் பின்வாங்க முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே இடம் விட்டு நில்லுங்கள். யானை நெருங்கினால் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டுங்கள். ஒரு யானை கடந்துவிட்டது என்று நடுவில் புகுந்து போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தாய் இந்தப் பக்கம், கன்று அந்தப் பக்கம், நடுவில் உங்கள் கார்: இதைவிட மோசமான இடம் ஒன்று இல்லை. 2025 மே மாதம் பேராவின் கிரிக் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு கன்று லாரியின் அடியில் சிக்கி இறந்தது. தாய் அந்த இடத்தை விட்டுப் போகவேயில்லை, தலையால் லாரியை முட்டிக்கொண்டு நின்றது. தாய் யானை தன் கன்றுக்காக எதுவரை போகும் என்பதற்கு அந்தப் படமே போதும்.

யானையின் விரட்டலில் பொய்யும் உண்டு, மெய்யும் உண்டு. பொய் விரட்டலில் காதை விசிறிபோல் விரிக்கும், பிளிறும், மண்ணை உதைக்கும், பாதியில் நிற்கும். தன்னைப் பெரிதாகக் காட்டி உங்களைப் போகச் சொல்கிறது. மெய்யாகவே வரும்போது காதைப் பின்னால் அழுத்தி, துதிக்கையைச் சுருட்டி உள்ளே மடித்து, பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். இரண்டையும் பிரித்தறிய நின்று பார்க்கலாம் என்று நினைக்கவேண்டாம், பொய் விரட்டலின்போதே விலகிவிடவேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கருத்த ஈரக்கோடு வழிந்து கன்னம்வரை இறங்கியிருந்தால் அது மதநீர். அந்த ஆண் யானைக்கு மேலே சொன்ன தூரக் கணக்கு எதுவும் செல்லாது. இரண்டு மடங்கு தள்ளிப் போங்கள். முதுமலை, வால்பாறை பக்கம் சொந்த ஊர் போகிறவர்களுக்கும் இதே விதிதான். கரும்பையோ வாழைப்பழத்தையோ ஜன்னல் வழியே நீட்டவேண்டாம். வண்டி நின்றால் தீனி என்று கற்றுக்கொண்ட யானை அடுத்த வண்டியை நிறுத்தத் தொடங்கும்.

கடைசியாகக் காயம். பன்றித் தந்தம் தொடையில் கிழித்து ரத்தம் பீய்ச்சினால் கழுவ நேரம் பார்க்காமல் துணியை மடித்து நேராகக் காயத்தின்மேல் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள், 995 அழையுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்கவேண்டாம். ரத்தம் அதிகமில்லாத கடியானால் ஓடும் குழாய்நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பல்லும் தந்தமும் சேற்றை உள்ளே ஆழமாகக் கொண்டுபோகின்றன, மேலே சிறிய ஓட்டையாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். சிங்கப்பூரில் 1953லிருந்து வெறிநோய் இல்லை. மலேசியாவிலோ இந்தியாவிலோ கடிபட்டால் கணக்கு வேறு, அங்கேயே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும், ஊர் திரும்பும்வரை காத்திருக்கக்கூடாது.

காயமில்லை, ஆனால் பன்றி பையைத் தேடி ஆளை நெருங்குகிறது, அல்லது வடிகாலில் சிக்கியிருக்கிறது என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணை அழையுங்கள். ‘பொங்கோல் பூங்கா’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் இரண்டு கிலோமீட்டர் தேடவேண்டும். பக்கத்து விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எத்தனை பன்றி, வரிக்குட்டி உண்டா, எந்தத் திசையில் போனது, யாராவது உணவு வைத்திருக்கிறார்களா, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். அம்மாவின் கைப்பேசியில் அந்த எண்ணை இன்றே பதிந்துவிடுங்கள்.